32 வயதில் செவிலியர் படிப்பு: வார்டு நேரத்தையும் வீட்டு நேரத்தையும் எப்படிப் பொருத்துவது?

கேள்வி:

எனக்கு வயது 32. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். 2010இல் உயிரியல் பாடத்துடன் பிளஸ் டூ முடித்தேன். 1,200க்கு 874 மதிப்பெண். இருபது வயதில் திருமணம் ஆயிற்று. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கணவர் நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு அவருக்குக் காலில் புண் வந்து அரசு மருத்துவமனையில் பல வாரங்கள் தங்கியிருந்தோம். அங்கே சிஸ்டர்கள் கட்டு மாற்றுவதைப் பார்த்து, வீட்டுக்கு வந்தபின் நானே கட்டு மாற்றவும் இன்சுலின் போடவும் பழகிக்கொண்டேன். அன்றிலிருந்து நர்சிங் படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. பக்கத்து ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஓராண்டு நர்சிங் டிப்ளமோ இருக்கிறது. நான்கு வருடம் படித்தாலும் இதே வேலைதான் கிடைக்கும் என்கிறார்கள், வீட்டிலும் அதில் சேரத்தான் சொல்கிறார்கள். "படி, ஆனால் வீட்டு வேலை கெடக்கூடாது" என்கிறார் கணவர். இந்த வயதில் என்னைச் சேர்ப்பார்களா? எதைப் படிப்பது? வீட்டை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். அவற்றுக்கு முன்பாக, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த ஓராண்டு டிப்ளமோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து அதற்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் ஒருவர் செவிலியராகப் பணியாற்ற வேண்டுமானால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பதிவேட்டில் அவர் பெயர் ஏற வேண்டும். அந்தப் பதிவுக்குக் கொண்டுசெல்லும் தொடக்கநிலைப் படிப்புகள் இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், தாதியர் படிப்பு), மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், தாதியர் பட்டயப் படிப்பு), நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகியவைதான். ஆறு மாதம், ஓராண்டு என்று தெருவுக்குத் தெரு நடத்தப்படும் பயிற்சிகள், அவற்றின் பெயரில் நர்சிங் என்ற சொல் இருந்தாலும், உதவியாளர் வேலைக்கானவை. உதவியாளர் வேலை மதிப்புக் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, அரசுச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது, மேற்படிப்புக்கும் போக முடியாது. இப்படிப் படித்துவிட்டுத் தனியார் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, இரவுப் பணி பார்த்த பிறகும் உதவியாளர் சம்பளத்திலேயே நிற்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கள் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று அவர்களில் பலருக்குத் தெரியவரும்போது, முறையான படிப்பில் சேரும் வயது கடந்துவிட்டிருக்கும்.

ஒரு நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று அவர்களிடமே கேட்பதில் பயனில்லை. மாநில கவுன்சிலின் இணையதளத்திலும் இந்திய செவிலியர் கவுன்சிலின் இணையதளத்திலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேர நினைக்கும் பாடப்பிரிவுக்கு, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, அதே ஊர் முகவரியோடு அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.என்.எம்.முக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு ஜி.என்.எம்.முக்கும் பணம் வாங்குகிறவர்கள் உண்டு என்பதால் பாடப்பிரிவையும் சேர்த்துச் சொல்கிறேன். பி.எஸ்சி. என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தவிர மற்றக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றிருக்க வேண்டும். அதையும் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலேயே சரிபார்க்கலாம்.

இனி வயது. இந்திய செவிலியர் கவுன்சிலின் விதிகளின்படி பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். இரண்டுக்குமே குறைந்த வயது 17, அதிகபட்ச வயது 35. ஆகவே உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் தாராளமாக இல்லை. மகன் இரண்டாம் வகுப்புக்குப் போகட்டும், மாமியார் உடம்பு தேறட்டும் என்று இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள். அரசு இடங்களுக்கான சேர்க்கைக்கு ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக் குழு வெளியிடும் தகவல் குறிப்பேட்டில் அந்த ஆண்டுக்குரிய வயது, பாடப்பிரிவு, மதிப்பெண் நிபந்தனைகள் இருக்கும். அதை வரிக்கு வரி நீங்களே படியுங்கள், கம்ப்யூட்டர் சென்டர்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்பது கவுன்சிலின் குறைந்தபட்ச அளவு. உங்கள் 874 என்ற மொத்தம் இங்கே பெரிதாகப் பயன்படாது. அறிவியல் பாடங்களில் ஒவ்வொன்றிலும் 200க்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் இதுவரை இந்தச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையின் அடிப்படையில்தான் நடந்துவந்திருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் அதே கலந்தாய்வில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு முயலுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி.யா, ஜி.என்.எம்.மா என்ற கேள்விக்கு, உங்கள் நிலையில் நான் தூரத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன். வீட்டிலிருந்து ஒரே பேருந்தில், ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பி.எஸ்சி. கல்லூரி கிடைத்தால் அதையே எடுங்கள். ஓராண்டுதான் கூடுதல், பின்னாளில் ஆசிரியர் பணிக்கும் மேற்படிப்புக்கும் அது நேர்வழி. அப்படிக் கிடைக்காமல், அருகிலேயே நல்ல மருத்துவமனையோடு இணைந்த ஜி.என்.எம். பள்ளி இருந்தால் தயங்காமல் அதில் சேருங்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்கள் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம், அதற்குள் உங்கள் மகனும் வளர்ந்திருப்பான். ஏ.என்.எம். கிராம சுகாதாரப் பணியை நோக்கியது, அறிவியல் பிரிவு எடுக்காதவர்களும் சேரலாம். உங்களிடம் உயிரியல் இருக்கும்போது அங்கே போக வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியானாலும் வீட்டிலிருந்து வந்து போக அனுமதி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் விடுதியில் தங்குவது கட்டாயம் என்பதைக் கட்டணம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். உங்கள் கணவரும் இதைப் படிப்பது நல்லது.

செவிலியர் படிப்பு மற்றப் பட்டப் படிப்புகளைப் போன்றதல்ல. அஞ்சல் வழியிலோ வார இறுதியிலோ இதைத் தொடங்க முடியாது. தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். எந்தக் காரணத்துக்காக விடுப்பு எடுத்தாலும் அது விடுப்புதான். அதைவிட முக்கியமானது, பட்டம் கைக்கு வருவதற்குள் வார்டுப் பயிற்சியில் 100 சதவீத வருகை இருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிரசவ வார்டுப் பயிற்சியில் நான்கு நாட்கள் வராவிட்டால், அந்த நான்கு நாட்களையும் இன்னொரு சமயம் போய் ஈடுகட்டியே தீர வேண்டும். தோழியின் நோட்டுப் புத்தகத்தை வாங்கி எழுதிக்கொள்ள அங்கே வழியில்லை. 2021இல் அரசிதழில் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி பி.எஸ்சி. எட்டுப் பருவங்களாக நடக்கிறது. எட்டாவது பருவம் 22 வாரங்கள் முழுநேர உள்ளுறைப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்), வாரத்துக்கு 48 மணி நேரம், இரவுப் பணியும் சேர்ந்தது. வார்டில் காலைப் பணி பெரும்பாலும் ஏழு, ஏழரைக்குத் தொடங்கிவிடும். இரவுப் பணி பார்த்த சிஸ்டர் ஒவ்வொரு படுக்கையாக நின்று பொறுப்பை ஒப்படைக்கும் அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எந்த நோயாளிக்கு இரவில் மூச்சு வாங்கியது, யாருக்கு எட்டு மணிக்கு ஆன்டிபயாடிக், யார் சாப்பிடாமல் அறுவைக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் கைமாறுகிறது.

ஆகவே "வீட்டு வேலை கெடக்கூடாது" என்ற நிபந்தனையோடு இந்தப் படிப்பைத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டாம் பருவத்திலேயே அது உடைந்துவிடும். உங்கள் கணவர் தவறான எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் உங்கள் வேலை எத்தனை மணிக்கு எத்தனை துண்டுகளாக நடக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டிருக்காது, அவ்வளவுதான். உங்கள் ஒரு நாளை, விடியற்காலை முதல் படுக்கும் வரை, ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே, கல்லூரி நாளில் அந்த வேலையை யார் செய்வார் என்று பெயர் எழுதுங்கள். உதவி செய்கிறேன் என்ற வாக்குறுதிக்கு அந்தத் தாளில் இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வேண்டும். கணவருக்கு வாரம் மாறி வாரம் ஷிப்ட் மாறுவதால் மூன்று தாள்கள் தேவைப்படும். முதல் ஷிப்ட் வாரத்தில் அவர் உங்களுக்கு முன்பே கிளம்பிவிடுவார். அந்த வாரம்தான் கடினமானது. மகனுக்குச் சீருடை மாட்டிப் பள்ளி வேனில் ஏற்றுவது யார்? உங்கள் அம்மாவோ நாத்தனாரோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் அவரிடம் இப்போதே பேசி, முடிந்தால் அதற்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுங்கள். நன்றிக் கடனாக மட்டுமே ஓடும் ஏற்பாடு நான்கு ஆண்டுகள் தாங்காது.

உங்கள் வீட்டில் மிகக் கவனமாகக் கைமாற்ற வேண்டிய வேலை மாமியாரின் இன்சுலின். இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். நம் ஊரில் அதிகமாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. அதற்கான ஊசிக்குழலுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 50 யூனிட். வயதானவர்களுக்கு அது உயிராபத்து. எனவே கணவருக்குக் கற்றுக்கொடுக்கும்போது, குப்பியின் லேபிளையும் ஊசியின் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மருந்தை ஏற்றப் பழக்குங்கள். போட்ட நேரத்தையும் அளவையும் நாட்காட்டியிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று அவரும், அவர் போட்டிருப்பார் என்று நீங்களும் நினைத்து, மருந்து விட்டுப்போகும் அல்லது இரண்டு முறை போய்விடும். சர்க்கரை அளவு இறங்கி மாமியாருக்கு வியர்த்துக் கை நடுங்கினால், பேச்சு குழறினால், விழுங்க முடிகிற நிலையில் இருக்கும்போதே சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் மற்றதெல்லாம் என்பது மகளுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒன்பது வயதுக் குழந்தையால் இதைப் புரிந்துகொள்ள முடியும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு நிற்குமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஜூனில் பள்ளி திறந்த பிறகு, கலந்தாய்வு முடியும் முன் ஒரு மாதம், கல்லூரிக்குப் போவதுபோலவே காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்புங்கள். அந்த நேரத்தை நூலகத்தில் செலவிடலாம், ஆங்கில வகுப்புக்குப் போகலாம், உங்கள் பழைய உயிரியல் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கலாம். இடையில் வீட்டுக்கு ஓடி வரக்கூடாது. அந்த மாதத்தில் எது எங்கே தடுக்கிறது என்பது உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் நேரில் தெரியும். யாரையும் குறை சொல்லாமல் திருத்திக்கொள்ள அப்போது அவகாசமும் இருக்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, தமிழ் வழியில் படித்துவிட்டு இடைவெளிக்குப் பின் வருகிறவர்கள் திணறுவது முதல் பருவத்து உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும்தான். பாடம் கடினம் என்பதைவிட அது ஆங்கிலத்தில் இருப்பதுதான் காரணம். கல்லூரியில் சேர்வதற்கு முன்பே எலும்புகள், தசைகள், இதயத்தின் அறைகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் படம் வரைந்து எழுதிப் பழகுங்கள். கணக்கையும் தூசி தட்டுங்கள். ஒரு குழந்தைக்கு 250 மில்லி கிராம் மருந்து கொடுக்க மருத்துவர் எழுதியிருக்கிறார், கையில் இருப்பது 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் 10 மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். இது உங்களுக்கு உடனே வந்துவிடும். 500 மில்லி லிட்டர் சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், ஏறத்தாழ 42. இப்படி நாளுக்கு இரண்டு கணக்கு போட்டுவந்தால் போதும்.

மாமியாரின் புண்ணுக்குக் கட்டு மாற்றிய அனுபவம் உங்களுக்குப் பெரிய பலம். சீழின் வாடைக்கும் வலியில் வரும் கோபத்துக்கும் நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள். பதினெட்டு வயது மாணவிகளுக்கு அது கைவரப் பல மாதங்கள் ஆகும். ஆனால் வீட்டில் ஒருவரை அன்பினால் கவனித்தீர்கள். வார்டில் அறிமுகமே இல்லாத பலரை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் செய்ததை அந்தந்த நேரத்தில் எழுதி வைக்க வேண்டும், கிருமி நீக்கிய கையுறை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற ஒழுங்கை ஒரு நொடி கூடத் தளர்த்தக்கூடாது. பழகிய கையைச் சில இடங்களில் மறக்கவும் வேண்டியிருக்கும். உங்களைவிட இளைய ஆசிரியை ஒருவர் திருத்தும்போது அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால், வயது அங்கே ஒரு பொருட்டாக இருக்காது.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கும், ஆனால் வட்டி கடன் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கடன் தருவார்களா என்பதை இடம் எடுப்பதற்கு முன்பே உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். வேலை கிடைத்தவுடன் பெரிய சம்பளம் வரும் என்று கணக்குப் போட வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016இல் பிறப்பித்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, சிறிய தனியார் மருத்துவமனைகளில் கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேல் உள்ளவற்றில் அரசு ஊதியத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் பல மருத்துவமனைகளில் தாளில்தான் இருக்கிறது; இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகப் போக வேண்டும். தொடக்கத்தில் தொகுப்பூதியம், நிரந்தரமாகப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே கணவரின் வருமானத்திலேயே தவணை கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். இதையெல்லாம் அறிந்த பிறகும் நான் உங்களைப் படிக்கத்தான் சொல்கிறேன். பதிவு பெற்ற செவிலியருக்கு எந்த ஊருக்குப் போனாலும், இடையில் சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினாலும், வேலை உண்டு.

இந்த வாரமே தொடங்கக்கூடியது சான்றிதழ் வேலை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகிய நான்கிலும் உங்கள் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்திருந்தால், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள்; நாளை கவுன்சில் பதிவிலும் அந்தப் பெயரே வர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் நீங்கள் படித்த பள்ளியில் இரண்டாம் படி கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள், சேர்க்கை நேரத்தில் கேட்டால் கிடைக்காது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணைகளாகப் போட வேண்டும் என்பதால் அதையும் இப்போதே தொடங்கினால் வார்டுக்குள் போகும்போது முடிந்திருக்கும். கல்லூரியில் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் நாளில் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.